பார்சலில் வந்த பில்டர்

சான் ஹோசே, உருகுவே
ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி தெர்லிஸுக்கு,

அக்கா நெலிதா எழுதுகிறேன். நீயும் ஷெரிலும் குழந்தையும் சௌக்கியம்தானே? இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. பால் கறக்கும்போது விரல் மடங்குவதில்லை.

சிட்னியிலிருந்து நீ அனுப்பிய பார்சல் உடையாமல் வந்தது. எண்ணெயை வடிகட்டும் அந்த பில்டரை நீல டிராக்டரில் மாட்டியாகிவிட்டது. பக்கத்துப் பண்ணை மில்டன் வந்து உதவினான். முன்னால் பாரம் தூக்கும் லோடரிலிருந்து கியர்பாக்ஸுக்கு எண்ணெய் திரும்புகிற ஹோஸை வெட்டி, நடுவே பில்டரை வைத்து, மட்கார்டில் தகடு அடித்து நிறுத்தினோம். எண்ணெய் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியான பக்கம்தான் இருக்கிறதா என்று அப்பா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவர் பார்வை இப்போது அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. உன் கடிதங்களையும் நான்தான் படித்துக் காட்டுகிறேன்.

மாத்தே டீ குடிக்க வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதைக் காட்டுகிறார். "என்ன டான் எர்மிந்தோ, இந்த வயசுல வண்டிக்குத் தோடு போட்டு அழகு பாக்குறீங்களா?" என்று மில்டன் கிண்டல் செய்தான். அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சிரிடா, நல்லா சிரி. திரும்பி வராதவன் எவனாவது வண்டிக்குச் சாமான் அனுப்புவானா?"



நீ எழுதியிருந்தபடி, கொஞ்ச நாள் ஓட்டியபின் பில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் காகிதத்தை வெட்டிப் பிரித்தோம். மடிப்புக்கு மடிப்பு பளபளவென்று இரும்புத் தூள். மஞ்சளாக மின்னிய தூள் எண்ணெய்ப் பம்பு தேய்ந்து வந்தது என்றான் மில்டன். கடினமாக ஒரு சில்லும் இருந்தது. அது கியர் பல். பில்டர் இல்லாதவரை இந்தக் கண்ணராவி எதுவும் நமக்குத் தெரியாது, நிம்மதியாக இருந்தோம். இப்போது தெரிந்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய இந்தப் பம்பும் போனால் வேறு கிடைக்காது. கடைகடையாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் நம் பசு பிந்தாதா கன்று போட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உனக்குத் தெரியும், படுத்த மாட்டைச் சீக்கிரம் தூக்கி நிறுத்தாவிட்டால் கால் செத்துவிடும். இடுப்பில் கவ்வியை மாட்டி லோடரால் தூக்கினோம். ஒரு சாண் எழுந்தாள். பிறகு எண்ணெய் அழுத்தம் நிற்காமல் லோடர் கை மெல்ல மெல்லத் தானாக இறங்கி அவளை மறுபடி சேற்றில் வைத்துவிட்டது. எத்தனை முறை தூக்கினாலும் அதேதான். அப்பா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கயிறு கொண்டுவா, பலகை கொண்டுவா என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேர், அவள் ஐந்நூறு கிலோ. மறுநாள் மில்டன்தான் துப்பாக்கியோடு வந்தான். எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று, தெர்லிஸ்.

இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. "பில்டர் நல்லா வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதும்மா. புள்ள கவலைப்படுவான்" என்றார். பில்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மிச்சமிருக்கும் மாடுகளைத் தன் மந்தையோடு சேர்த்துக்கொள்ள மில்டன் தயாராக இருக்கிறான். எங்களையும் மாடுகளையும் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் கேட்கிறான். வசந்தத்துக்குப் பிறகு அவனிடம் மேய்ச்சல் இடம் இருக்காது. அப்பா அசைந்துகொடுக்கவில்லை. தெர்லிஸ் வந்து நிற்கும்போது தொழுவம் காலியாக இருக்கலாமா என்கிறார். நான் கத்தினேன், அழுதேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவருக்கு நான் சொல்வது ஏறாது. நீ அனுப்பும் ஒவ்வொரு வாஷரும் அவருக்கு ஒரு வாக்குறுதி.

நீ பாசத்தில்தான் அனுப்புகிறாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீ அங்கே வீடு வாங்கிவிட்டாய், குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள், அவளுக்கு நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. நீ வரமாட்டாய். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

அதனால் இனி எந்தச் சாமானும் அனுப்பாதே. அப்பா பெயருக்கு ஒரு கடிதம் எழுது. "பார்க்கலாம்", "அடுத்த வருஷம்" என்ற பேச்செல்லாம் அதில் வேண்டாம். நான் வரமாட்டேன் அப்பா, மாடுகளை மில்டனிடம் கொடுத்துவிடுங்கள் என்று நேராக எழுது. நான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். படித்து முடித்தபின் அவர் என்ன ஆனாலும் பக்கத்தில் நான் இருப்பேன். மாடுகள் தம் காலால் நடந்து போகிற நிலையில் இருக்கும்போதே அந்தக் கடிதம் வரவேண்டும்.

உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி இத்தனை வருஷமாகக் கன்னி மாதாவிடம் மன்றாடியவள் நான். இன்று காலை கோவிலில் அதைக் கேட்கவில்லை. நீ அங்கேயே நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா,
நெலிதா