பாதியில் நிற்கும் தாலாட்டு

மே 27, திங்கள்

இன்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்குப் பத்தொன்பது பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வெளியே மழை, உள்ளே சளியும் அழுகையும். பகல் சாப்பாடு கொடுத்து, பாய் விரித்துப் படுக்கவைத்து, வழக்கம்போல மவுத் ஓர்கனை எடுத்தேன். கால் மணி நேரத்தில் பிள்ளைமடுவம் அடங்கிவிட்டது. கடைசிக் கண் மூடியதும் நான் நிறுத்திவிட வேண்டும். ஒரு சுரம் கூடப் போனாலும் ஒன்று எழும்பும். ஒன்று எழும்பினால் பத்தொன்பதும் எழும்பும்.

நாலரைக்குத் தாய்மார் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. குவாட்டர்ஸில் ரேடியோதான் பேசியது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை 'டீச்சர்' என்ற கூப்பாடு. சுதர்சினி என்று கூப்பிட இந்த எல்கடுவத் தோட்டத்தில் ஓர் ஆள் இல்லை. கட்டாரிலிருந்து தம்பி சசிக்குமார் அழைத்தால்கூட 'அக்கா'தான்.

ஜூன் 5, புதன்

மகளை எடுக்க வந்த தர்ஷிகா வாசலிலேயே நின்றாள். அவள் புருஷன் த்ரீவீல் ஓட்டுகிறவர்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு மாத்தளைக்கு டயர் மாத்தப் போனாருங்க. அந்தக் கடையில மாசத்துல ரெண்டாவது ஞாயிறு பின்னேரம் நாலஞ்சு பேரு கூடி கித்தார், வயலின்னு வாசிக்கிறாங்களாம். யாரு வேணுமின்னாலும் போகலாமாம். நீங்க போங்களேன்."

தூங்கவைக்கிற சாமானுக்கு அங்கே என்ன வேலை என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. சின்னவ கைப்புள்ளையா இருக்கயில பகலைக்கு பால் குடுக்க வந்தா, உள்ள வராம நின்னு கேட்டுட்டுத்தான் வருவேன்."

எனக்குத் தெரியாது. ஒருத்தி கேட்டிருக்கிறாள்!

அந்த மவுத் ஓர்கன் வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய விளையாட்டுச் சாமான் பெட்டியில் வந்தது. இரண்டு பேர் அதற்காக முடியைப் பிய்த்துக்கொண்டதால் பறித்து அலுமாரி மேல் வைத்தேன். பிறகு கழுவி நானே ஊதிப் பார்த்தேன். ஏழு வருடமாகிறது. கற்றுத்தர ஆளில்லை. மெட்டும் நானாகக் கோத்தது, அதற்குப் பேர்கூடக் கிடையாது.

ஜூன் 8, சனி

நாற்பத்துநாலு வயதில் இதென்ன கூத்து? போகப்போவதில்லை. சாரியை மட்டும் அயர்ன் பண்ணி வைத்திருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

போனேன்.

கடைக்குள் டயர்களைப் படுக்கப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் நுஹ்மான் மடியில் கித்தார். தேவாலயத்தில் வாசிக்கிற ராஜநாயகம் ஐயாவிடம் வயலின். இன்னும் இரண்டு பேர். "வாங்க தங்கச்சி, இரிங்க. பேரென்ன?" என்றார் நுஹ்மான். சொன்னேன். என் பேர் என் காதுக்கே புதிதாக இருந்தது.

அவர்களுடைய வழக்கம் இதுதான்: சுற்றி வரும்போது ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைத் தொடங்கவேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். "சுதர்சினி, இப்ப உங்கட முறை" என்றார்கள். பையிலிருந்து மவுத் ஓர்கனை எடுத்தேன். தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கித்தார் மெதுவாகக் கூட வந்தது, பிறகு வயலின். என் மெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம்! ஏழு வருடத்தில் முதல் தடவை. அழுகை வந்துவிடும்போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நுஹ்மான் கண்ணை மூடியிருந்தார். ராஜநாயகம் ஐயாவும் கண்ணை மூடியிருந்தார். மற்ற இரண்டு பேரும்தான்.

நான் நிறுத்திவிட்டேன்.

பழக்கம். யோசிக்கவே இல்லை. கண் மூடினால் வாய் தானாக விலகிவிடுகிறது. கித்தார் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி நின்றது. நாலு பேரும் முழித்துப் பார்த்தார்கள்.

"மிச்சம் எங்க?" என்றார் நுஹ்மான்.

"மறந்து போச்சுங்க நானா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவது. பொய். மிச்சம் என்று ஒன்றில்லை. அந்த மெட்டுக்கு முடிவு தேவைப்பட்டதே இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டேன். பஸ் ஐந்தரைக்குத்தான். ஒன்றரை மணி நேரம் ஸ்டாண்டில் குந்தியிருந்தேன்.

ஜூன் 10, திங்கள்

வாசிக்கவில்லை. தட்டித் தட்டியே தூங்கவைத்தேன். கை விட்டுப்போயிற்று.

ஜூன் 13, வியாழன்

நாலு நாளாக என்னையே ஏசிக்கொள்கிறேன்: ஏன்டி போன? ஒழுங்கா வீட்ல கிடக்கத் தெரியாதா ஒனக்கு? நாலு பேரு முன்னால ஒரு பாட்டை முடிக்கத் தெரியல, இதுல அயர்ன் பண்ணின சாரி வேற! இனி அந்தக் கடைப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டேன்.

— ஆனால் அந்த வயலின் கூட வந்த இடம். அதை மறக்க முடியவில்லை. வாசிக்காமலே காதில் கேட்கிறது.

ஜூன் 24, திங்கள்

தர்ஷிகா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சர், டயர்க் கடைக்காரரு எங்க வீட்டுக்காரருகிட்ட ஒங்களத்தான் விசாரிச்சாராம். 'அந்தத் தங்கச்சி பாதியில உட்டுட்டுப் போனதுல இருந்து எனக்குத் தூக்கமே வரல்ல, மிச்சத்த வந்து வாசிக்கச் சொல்லுங்க'ன்னாராம்."

ஊரையே தூங்கவைக்கிற என் மெட்டு ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவள் போன பிறகும் சிரித்தேன். பிறகு வழக்கம்போல யாருமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நாலரைக்குப் பிறகு குவாட்டர்ஸில் உட்கார்ந்து முடிவு தேடுகிறேன். எட்டு நாளாக வரவில்லை. மெட்டு அந்த இடம் வரை வந்து நின்றுகொள்கிறது, சண்டி மாடுதான்.

இன்று ஒன்று விளங்கியது. எல்லாரும் தூங்கிய பிறகு மடுவத்தில் ஒருத்தி முழித்திருக்கிறாளே, அவளுக்கு நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. அவளுக்குப் பயந்துதான் நிறுத்தினேனோ? பாத்திரம் கழுவலாம், பதிவு எழுதலாம், அவளைத் தனியாகப் பார்த்துக்கொண்டு இருக்கமட்டும் முடியாது. எனக்குத் தனிமை. எழுதிவிட்டேன்.

முடிவு அங்கே தொடங்கவேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

ராஜநாயகம் ஐயா எனக்கு ஒரு டயரைத் துடைத்து வைத்திருந்தார். என் முறை வந்தது. அந்த இடத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். வாய் விலகப் பார்த்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சுரம் பிசகிவிட்டது. வயலின் அதையும் சேர்த்துக்கொண்டு போனது. முடிந்ததும் நுஹ்மான், "அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்கு நிம்மதியாத் தூங்குவேன்" என்றார். ஐந்தரை பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

ஜூலை 15, திங்கள்

பகல். பத்தொன்பது பேரின் கண்ணும் மூடின. நான் நிறுத்தவில்லை, கடைசி வரை வாசித்தேன். நினைத்தபடியே ஒன்று எழும்பிவிட்டது, தர்ஷிகாவின் மகள்.

"முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"முடிஞ்சிருச்சு."

"இன்னொருக்கா" என்றாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பிவிட்டார்கள். இன்று ஒருத்தரும் தூங்கவில்லை.