லோகு பக்கம் யாரும் அடிப்பதில்லை

எண்ணூர்,
6.7.2003

அன்பு மகன் திருமுருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் போட்ட துணியெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல், அவர் நெஞ்சில் மட்டும் படியாதா என்ன. மருந்தைக் கொடுத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே வாங்கிக் குடிக்கிறார். போனில் நீ சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். பெரியவனே வேணாம்னுட்டான், நீ இன்னாத்துக்குக் காரியம் காரியம்னு கத்தினுகீறே என்று என்மேல் எரிந்து விழுகிறார். போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் முழுசாகப் படி.

உன் தம்பி லோகு கார்த்திகைப் புயலில் போனவன், படகும் வரவில்லை உடம்பும் வரவில்லை, உடம்பு வராதவனுக்கு எப்படிம்மா காரியம் செய்வது என்று நீ கேட்டது நியாயம்தான். நானும் போன மாதம் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ லீவில் வந்தபோது வாங்கி வந்தாயே டிராகன், பூதம் படம் போட்ட சீட்டு, ஆளுக்கு ஒரு கட்டு வைத்துக்கொண்டு நீ, லோகு, பக்கத்து வீட்டு அன்புமணி, வியாசர்பாடி சித்தார்த் நாலு பேரும் ஒருத்தர் பூதத்தை ஒருத்தர்மேல் ஏவி அடித்துக்கொள்வீர்களே, நீ திரும்பிப் போனதும் நாலாவது ஆள் இல்லை என்று லோகு உன் கட்டை என் கையில் கொடுத்து உட்கார வைத்தான். மீன் ஏலத்தில் நிற்பவளுக்கு இது என்ன பெரிய வித்தை, சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. முதலில் கத்துகிறவனை எல்லாரும் சேர்ந்து அமுக்குவார்கள், சத்தம் போடாமல் நிற்பவன் கடைசியில் கூடையைத் தூக்கிக்கொண்டு போவான்.

லோகு போன பிறகு சீட்டைத் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். அன்புமணி வந்து பாயை விரித்து லோகுவின் கட்டையும் எடுத்து அவன் இடத்தில் வைத்தான். படகில் ஒருத்தன் காய்ச்சலில் படுத்தால் அவன் பங்கு மீனை ஒதுக்கி வைப்போமில்லையா, அது மாதிரி, அவன் வர்ற வரைக்கும் அவன் பங்கு கெடக்கட்டும் அத்தே என்றான். லோகு முறை வந்தால் சித்தார்த்தான் அவன் கட்டின் மேலிருக்கும் சீட்டைத் திருப்பி லோகு இடத்தில் வைத்துவிடுவான். அதை அடிக்க யாருக்கும் மனசு வராது. நாங்கள் மூன்று பேரும் எங்களுக்குள் அடித்துக்கொண்டு காலியாவோம், ஆளில்லாத இடத்தின் முன்னால் பூதங்கள் வரிசையாக நிற்கும், அவன்தான் ஜெயிப்பான். ஒவ்வொரு தடவையும் அவன்தான். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். உள்ளே போய் அப்பாவிடம் இன்னிக்கும் லோகு ஜெயிச்சுட்டான் என்பேன், அவரும் தலையாட்டுவார். பிறகு அந்தப் பாய் பக்கம் திரும்பவே பயமாக இருக்கும்.

போன மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையில் இந்தச் சீட்டுக்குப் பெரிய போட்டி வைத்தார்கள். அன்புமணியும் சித்தார்த்தும் போனார்கள், தனித்தனி மேசை. ரெண்டு பேரும் முதல் ஆட்டத்திலேயே வெளியே. என்னடா ஆச்சு என்றேன். சித்தார்த் தலையைக் குனிந்துகொண்டு, எதிர்ல ஒருத்தன் ஒண்ணுமே பேசாம கம்முனு குந்தினு இருந்தான் அத்தே, அவன்தான் ஜெயிக்கப் போறான்னு தெரியுது, ஆனா அவன்மேல கை வரல என்றான். அன்புமணியும் அதேதான் சொன்னான். வாழ வேண்டிய பிள்ளைகள், பேசாமல் இருப்பவனையெல்லாம் லோகு என்று நினைத்துக்கொண்டு எத்தனை இடத்தில் தோற்பார்கள். நீயும் அங்கே போட்டிக்குப் போகிறாயாம், உனக்கும் இதையேதான் சொல்கிறேன், சும்மா இருப்பவனை விட்டுவைக்காதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அன்புமணியையும் சித்தார்த்தையும் தொடாமல் என் கையிலிருந்த எல்லாவற்றையும் லோகு பக்கம் திருப்பினேன். இன்னா அத்தே பண்ற, அது லோகு ஆச்சே என்று அன்புமணி என் கையைப் பிடித்தான். தெரியும்டா, விடு என்றேன். உன் கட்டுதான் திரு, உன் கட்டால்தான் அவனை அடித்தேன். அவன் பூதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, கடைசியில், ஆட்டத்தில் ஆளுக்குத் தரும் உயிர்ப்புள்ளியில் அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

உங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டே, தோற்றவன் சீட்டைத் தோற்றவனேதான் பொறுக்கி அடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. நாங்கள் யாரும் தொடவில்லை. மூன்று பேரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாவும் வந்து வாசற்படியில் நின்றார். அவன் வந்து எடுப்பான் என்றுதான் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தோம் திரு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நான்தான் குனிந்து பொறுக்கினேன்.

ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் அவன் காரியத்தைச் செய்யலாம் என்றிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் அப்பா ஒத்துக்கொள்வார். வேணாம் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே, எனக்குத் தாங்காது. முடிந்தால் லீவு கேட்டு வா, முடியாவிட்டால் அன்றைக்கு அங்கேயே கடல் பக்கம் போய் அவன் பேரைச் சொல்லித் தலைமுழுகு. எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே, நீ வேலை செய்யும் கப்பல் பட்டறைச் சூடு உடம்பை வாட்டிவிடும். என் ஆயுசும் உனக்கே இருக்கட்டும், எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

உன் அம்மா,
தா. அங்கம்மா