உன் ஸ்கூட்டர் ஏலத்துக்கு வந்த நாள்

அன்பில் அண்ணாமலையார், கோபத்தில் துர்வாசர், ஆகிய என் அருமை மச்சானுக்கு,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவர் நம்ப மாட்டார். மலையைப் பார்த்துக் கை நீட்டிச் சத்தியம் செய்கிறேன். நீ இருந்தபோதே நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாய். இந்த ஒரு முறை கழிக்காமல் கேள்.

உன் ஸ்கூட்டர் ஏலத்துக்கு வந்தது மச்சான். நித்யாவின் நர்சிங் படிப்புக்குப் பீஸ் கட்ட, எங்கள் யாரிடமும் சொல்லாமல் விற்றாயே, அதே நீல வண்டி. அது கிளம்பினால் மலை உச்சிக் குரங்குகள் காதைப் பொத்திக்கொள்ளும். ஓர் ஏல இணையதளத்தில் அதன் படம். மட்கார்டில் 'நித்யா' என்று நீ எழுதச் சொன்ன எழுத்துகூட அப்படியே இருந்தது.

உன் பெண் இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? இந்த வண்டிக்கென்றே சம்பளத்தில் சேர்த்து வந்திருக்கிறாள். "அப்பா எனக்காக வித்தாரு. நான் அவருக்காகத் திருப்பி வாங்கறேன் மாமா" என்றாள். இப்படிப் பேசும் பிள்ளைக்கு யார் புத்தி சொல்வது?

ஏலம் முடியும் நேரம். அவள் விலையை ஏற்றிய மறு மூச்சில் இன்னொருவன் ஏற்றினான். குருக்ஷேத்திரத்தில்கூட இவ்வளவு வேகமாக அம்பு பறந்திருக்காது. யாரடா இந்தக் கர்ணன் என்று அவன் கணக்கைத் தட்டிப் பார்த்தேன். இந்த வண்டியை விற்கும் ஆளின் பொருள்களுக்கு மட்டுமே இதுவரை விலை கேட்டு வந்திருக்கிறான். விலையை ஏற்றிவிட விற்பவனே வைத்த ஆள்.

அதற்குள் விற்பவனே போனில் வந்தான். நித்யாதான் மெசேஜில் நம்பர் கொடுத்திருக்கிறாள்.

"ஏலத்த வுடுங்க மேடம். பணத்த நேரா எனக்கு அனுப்புங்க, கம்மி பண்ணித் தரேன். சைட்டுல போட்டா கமிஷன் ஜாஸ்தி புடிச்சுப்பான்."

"வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டேன், கலெக்டர் குரலில்.

"கீழ்பென்னாத்தூர்ல, நம்ம வூட்டாண்டதான் சார். இன்னிக்குக் காலையில நானே எடுத்த போட்டோ அது."

"பக்கம்தான். பஸ் ஏறி வரேன். பாத்துட்டுக் காசு தரேன்."

"நீங்க வர்றதுக்குள்ள வித்துடும் சார். இன்னொரு பார்ட்டி லைன்ல இருக்காரு."

கியூஆர் கோடு வந்து விழுந்தது. நித்யா ஸ்கேன் செய்தாள்.

"கொஞ்சம் இரு பாப்பா."

"போயிடும் மாமா. மறுபடி கெடைக்காது."

உன் மனைவி, என் தங்கச்சி, எந்தச் செலவுக்கும் பத்து முறை யோசிப்பவள், "அந்தாளு வண்டிய வுட்டுடாதடி" என்றாள். பின் நம்பரில் கடைசி எண்தான் பாக்கி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அடி அண்ணாமலையில், பௌர்ணமிக் கூட்டத்தில், இளநீர் வண்டியில் நீ மோதி வாங்கிய நசுங்கல் இருக்கிறதா? என் போனில் படத்தைப் பெரிதாக்கினேன். நசுங்கல் இருந்தது. அதற்கு மேலே வலப்பக்கக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியிலிருந்து நீ இறங்கினாய் மச்சான். லுங்கியை மடித்துக் கட்டி, அஷ்ட லிங்கங்களையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, கிரிவலப் பாதை முழுக்கப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு வந்து, நித்யாவின் விரலைப் பிடித்தாய். "வேணாம் பாப்பா" என்றாய். அந்தக் குரலுக்கு மலையே ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்தது.

விரல் இறங்கவில்லை. போனை நான் வாங்கினேன்.

"தம்பி, சீட்டு மேல ஒரு தேங்காய வச்சு இன்னொரு போட்டோ அனுப்பு. ஒடனே காசு."

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். அந்த இணையதளத்துக்கும் சைபர் கிரைம் போலீஸுக்கும் புகார் எழுதிவிட்டோம். பணம் பத்திரமாக இருந்தும் உன் பெண் அன்று முழுக்க அழுதாள். நிஜ வண்டி இப்போது எங்கே நிற்கிறது மச்சான்? அவள் பெயரை அழித்துவிட்டார்களா?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த வண்டியைத் தேடுவேன். ஆனால் நான் சீட்டில் உட்கார்ந்து, கிக்கரை உதைத்து, குரங்குகள் காதைப் பொத்தும்வரை உன் பெண் கையிலிருந்து காசு போகாது. தளத்துக்கு வெளியே வா என்பவனிடமும், சீக்கிரம் சீக்கிரம் என்பவனிடமும் எனக்கு உடனே காது கேட்காமல் போய்விடும்.

சரி, கழித்துக்கொள். அஷ்ட லிங்கம் வரவில்லை. மலை நகரவில்லை. நீயும் இறங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் நீ இருந்தாய்; அதைக் காட்டித்தான் நித்யாவின் விரலை நிறுத்தினேன். விற்பதற்காக நீயே எடுத்து இணையத்தில் போட்ட பழைய படத்தை எவனோ திருடியிருக்கிறான். 'இன்னிக்குக் காலையில நானே எடுத்தேன்' என்கிறான். கண்ணாடியிலோ, நாங்கள் தோள் கொடுத்து வழியனுப்பி இரண்டு வருஷமான நீ, தலையில் துண்டோடு, ஒரு கண்ணை மூடி, போனைத் தூக்கிப் பிடித்தபடி, நகத்தளவுக்கு. அதை மட்டும் வெட்டி நித்யா தன் போனில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பெண்ணுக்குத் தாய்மாமன், உன் பொய்யன் மச்சான்.