கல்லறை வாசலில் நான் திருப்பி அனுப்பிய புனிதர்கள்

நாளை கல்லறைத் திருநாள். உன் குழிமேல் ஏற்ற மெழுகுவர்த்தி வாங்க இன்று பலாங்கொடை டவுனுக்கு இறங்கினேன். கடையில் மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு மேலே பிளாஸ்டிக் மண்டையோட்டு முகமூடிகள் தொங்கின. "நேத்து ஹாலோவீன். வித்து மிஞ்சினதுங்க ஐயா," என்றார் கடைக்காரர். நீ இருந்திருந்தால் உன்னைத்தான் திட்டியிருப்பேன்.

நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாக இந்த முகமூடிகளைக் கொண்டுவந்தபோது, மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த நீ பிடுங்கி எறிவாய் என்று நம்பினேன். நீ சிரித்தாய்.

"தடுத்தா ஒளிஞ்சு செய்வாங்க அண்ணே. மறுநாள் சகல புனிதர் திருநாள்தானே? பேய் வேசத்துக்குப் பதிலா புனிதர் வேசம் போட்டுருவோம்."

"பேய்க்கு அங்கி மாட்டினா புனிதராயிருமா? அன்னிக்குச் சாயந்தரம் கல்லறையில புல்லு வெட்டுறதுதான் நம்ம வழக்கம்."

"வெட்டலாமே. வேசத்தோடயே கூட்டிட்டு வர்றேன்."

கூட்டியும் வந்தாய். படுக்கை விரிப்பில் அங்கி, சாக்கில் துறவி உடை, அட்டையில் ஒளிவட்டம். பின்னால் தாய் தகப்பன்மார். மண்வெட்டியோடு நின்ற நான் கேட்டைச் சாத்தினேன். என் அம்மாவும் உன் மனைவியும் உள்ளே கிடந்தார்கள். "இது டிராமா போடுற எடமில்ல. கழட்டிட்டு வாங்க," என்றேன். ஒரு குட்டி அந்தோனியார் அழுதார். யாரும் கழற்றவில்லை. திரும்பிப் போனார்கள்.

நீ மட்டும் நின்றாய். "உள்ள கெடக்குறவங்களத் தேடி வந்தவங்களத் தொரத்திட்டீங்க அண்ணே."

அதற்குப் பிறகு புனிதர் வேடம் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டது. பாட்டு, கேக், பரிசு. கல்லறைக்கு ஒருவரும் வருவதில்லை. நாம் பேசவும் இல்லை. ஒருமுறை டிஸ்பென்சரி வரிசையில் எனக்குப் பின்னால் நின்று இருமினாய். நான் திரும்பவில்லை. அடுத்த மாதம் உன்னைப் புதைத்தார்கள்.

நேற்று உன் பேரப்பிள்ளைகள் மண்டபத்தில் பேதுருவும் பவுலுமாக நின்ற நேரத்தில், உன் குழிமேல் இடுப்பளவு வளர்ந்திருந்த மானாப் புல்லை நான் வெட்டினேன். செத்தவர்களை மறந்துவிட்டுப் புனிதர்களுக்கு என்ன விழா? நான் சொன்னது சரி. இன்றும் அதையே சொல்வேன். நீ கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. அதைத்தான் வருஷம் முழுக்கச் சுமக்கிறேன்.

உன் குழியோடு கை ஓய்ந்துவிட்டது. அம்மாவின் குழி வரை வெட்ட முடியவில்லை. உதவிக்கு யாரைக் கூப்பிடுவது? லயத்து வீடுகள் பக்கம் நான் வந்தால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.