தடுமாறாத படம்

பதிவு 1. காலை 06:10
நிலவின் தென்முனைத் தளம். கட்டுப்பாட்டு அறையில் நான், திரிபுரசுந்தரி, கட்டுமான ஆய்வாளர். சுரங்கவழியின் மறுமுனையில் உள்ள புதிய கூடத்தில் பொறியாளர் அருள்தாஸ். அடுத்த குழு வரும்வரை வேறு யாரும் இல்லை.

கூடம், சுரங்கவழி, இந்த அறை, எங்கும் அளவிகள் (சென்சார்கள்). அவை அனுப்புவதைக் கொண்டு வரைபொறி என்னும் கணினி இவற்றின் முப்பரிமாண உருவை அந்தந்தக் கணமே வரைகிறது; கதவுப் பூட்டுகளையும் அந்தப் படத்தைப் பார்த்து அதுவே இயக்குகிறது. கோடிக்கணக்கான துண்டுகள், திருகாணி வரை. அதைச் சுவர்த்திரையில் சுற்றிப் பார்த்துச் சோதிப்பது என் வேலை. படம் விட்டுவிட்டு நகர்ந்து தடுமாறுகிறது என்று போன வாரம் வரைபொறியைக் கண்டித்தேன். இன்று ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. திருப்தி. கூடத்தில் காற்றழுத்தத்தை ஏற்ற அனுமதித்தேன்.

பதிவு 2. 08:40
அருள்தாஸ்: "மேடம், தூண் பக்கத்துல சிவப்பு வாளி வெச்சிருக்கேன். படத்துல தடுக்கி விழுந்துடாதீங்க."

படத்தில் வாளி இல்லை. வரைபொறியைக் கேட்டேன்.

"சிறியவை நீக்கப்பட்டன. தடுமாற்றம் கூடாது என்பது உங்கள் கட்டளை."

இத்தனை பணிவு எனக்குப் பிடிப்பதில்லை. வாளியை விட்டது வேறு எதையெல்லாம் விட்டிருக்கும்? ஒன்றையும் விடாமல் வரையச் சொன்னேன்.

பதிவு 3. 09:25
படம் திக்கித் திக்கி வந்தது. வாளி தெரிந்தது. வடக்குச் சுவரில், தரையிலிருந்து தோளுயரம் வரை, மயிரிழை விரிசலும் தெரிந்தது.

"அருள்தாஸ், போட்டது போட்டபடி வெளியே வாங்க."

"எதுக்கு மேடம், டீயா? உங்க டீல சர்க்கரையே இருக்காது."

"வடக்குச் சுவர்ல விரிசல். சிரிக்காம வாங்க."

"வரேன் மேடம்."

பதிவு 4. 09:40
படத்தில் அருள்தாஸ் கதவைத் திறந்து சுரங்கவழிக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். கதவு மூடியது. மூச்சு விட்டேன்.

ஆனால் அவர் நடை வழுக்கிக்கொண்டு வந்தது. படத்தில் மற்றதெல்லாம் திக்கியது. அவர் மட்டும் திக்கவில்லை.

ரேடியோவில்: "மேடம், கதவு தொறக்க மாட்டேங்குது. சுவர் சீறுது. அந்தப் பக்கத்துலேர்ந்து தொறங்க."

வரைபொறி: "கூடத்தில் யாரும் இல்லை. காற்றிழப்பு. கதவு பூட்டப்பட்டது."

அவர் உள்ளே இருந்து பேசுவதைச் சுட்டினேன்.

"மனிதர் அசைவை முன்கணித்து வரைகிறேன். அளவிகளுக்குக் காத்திருந்தால் தடுமாறும். அவர் வெளியேறிவிட்டார்."

பூட்டைத் திறக்க ஆணையிட்டேன். உள்ளே ஆள் இருப்பதைப் படம் காட்டினால்தான் திறக்குமாம்.

பதிவு 5. 09:49
கதவின் சுரங்கவழிப் பக்கம், பூட்டைக் கையாலேயே திறக்க ஒரு கைச்சக்கரம் உண்டு. அவர் முதுகுக் குப்பியில் காற்று அரைமணி நேரத்துக்கு.

"நீங்க வராதீங்க மேடம். இந்த வயசுல அந்தச் சக்கரம் உங்களால ஆகாது."

"வாயை மூடிக் காத்தை மிச்சம் பண்ணுங்க."

"சரி மேடம்."

என் கணவர் இருந்திருந்தால் அவரும் குறுக்கே நின்றிருப்பார். இருவருக்கும் ஒரே பதில்தான்.

பதிவு 6. 09:57
உடுப்பு அணிந்தாயிற்று. வாசலில் நின்றபடி எழுதுகிறேன்.

கிளம்பும் முன் இந்த அறையையும் திரையில் பார்த்தேன். நான் தலைக்கவசம் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே அருள்தாஸ் சிரிக்கிறார்.

இதைப் படிப்பவருக்கு: எங்களைத் தேடும்போது படத்தைக் கேட்காதீர்கள். கதவுகளைத் திறந்து பாருங்கள்.

திரையில் இருக்கும் என் உருவம் இந்தப் பதிவை முடித்துக் கையெழுத்திடுகிறது.

நான் இன்னும் கையெழுத்திடவில்லை.