ஆடு வரவில்லை

சிவமயம்

பாளையங்கோட்டை
21.9.1997

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அப்பா எழுதுவது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கடிதத்தில் அறிந்தோம். இங்கே நாங்களும் சுகம். இத்தனை நாள் அம்மா இப்படி எழுதியது முழுப் பொய், இந்தத் தடவை பாதியாவது உண்மை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வார்த்தை விட்டுப்போயிருந்தால் நீயே போட்டு வாசித்துக்கொள். பதிவு ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கைக்கு இந்த ஒரு கடிதம் ஆறு நாள் ஆகியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலத்தை மாற்றிப் பார்க்கிறாள். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, ஆற்றிலும் இந்த வருஷம் தண்ணீர் குறைவு.

மே மாதம் லீவில் வந்தபோது கூட்டுவதற்காக என் கட்டிலைச் சாய்த்தாயே, அதன் இரும்புக் கால் குழாய்க்குள்ளிருந்து மாத்திரைகளாகக் கொட்டின. எல்லாம் வலிப்பு வராமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்தவை. அவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு, அப்பா உங்களுக்கு நல்லாகணும்னு ஆசையே இல்லையா என்று கேட்டாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அதற்கப்புறம் ரயில் ஏறும்வரை நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் கோபம் நியாயம்தான் அம்மா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விபத்து நடந்த அன்றைக்கு நானும் அசன் மைதீனும் கங்கைகொண்டானில் ஒரு பெரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். இருபது வருஷம் என் பக்கத்து மேஜையில் முத்திரைத்தாள் விற்றவன், உனக்குத் தெரியாதவனா. ஆபீஸ் மூடுவதற்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஸ்கூட்டரை முறுக்கினேன். பின்னாலிருந்து அவன் சொன்னான், "பைய போவும் வே, ஆபீசு எங்கயும் ஓடிராது." நான் சிரித்துக்கொண்டே இன்னும் முறுக்கினேன். வளைவில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. எனக்கு நினைவு திரும்பியது பதினோராம் நாள், அதற்குள் அவனை அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை, வலது கையும் காலும் அசையவில்லை. உன் அம்மா குனிந்து, குறுக்கே ஆடு மாடு எதுவும் வந்ததா என்று கேட்டாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஆடு வந்துவிட்டது என்றாகிவிட்டது. ஆடு வரவில்லை விஜி.

பேச்சு திரும்பினால் அசன் மனைவி அலிமா பீவி வந்து என்ன நடந்தது என்று கேட்பாள், அதுதான் என் பயம். பேச்சுப் பழக்க நீங்கள் டம்ளரைக் காட்டினால் வேண்டுமென்றே செருப்பு என்பேன். முதலில் உண்மையாகவே வாய் குழறியது, பிறகு நானாகக் குழறினேன், எது எது என்று பிரிக்க எனக்கே தெரியாமல் போயிற்று. வலிப்பு வந்து உன் அம்மா என் வாயில் நுரை துடைத்து அழுதாள், மறுநாளும் மாத்திரையைக் கட்டில் கால் குழாயில்தான் போட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா என்னைப் பிடித்து நடத்தும்போதெல்லாம் பைய, பைய என்பாள். நான் கம்பை வீசி எறிவதைப் பார்த்து மண்டையில் அடிபட்ட கோபம் என்று நினைத்தீர்கள். எனக்கு அது அவள் குரலில் கேட்காது. முற்றத்தில் அந்த ஸ்கூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, பின் சீட்டில் துணி அமுங்கியிருப்பதாகவே எனக்குத் தெரியும். பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான், ஆனாலும் ஒவ்வொரு நாளும் பார்த்தேன், இன்றைக்கும் பார்த்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் அலிமா பீவி வந்திருந்தாள். அண்ணாச்சிக்குச் சுகமாக வேண்டும் என்று தினமும் துவா கேட்பதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அசன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று அவள் கேட்டதும், பைய என்றேன். மெதுவாகப் பேசச் சொல்கிறேன் என்று அம்மா நினைத்தாள். அலிமாவுக்குப் புரிந்துவிட்டது, அது அவன் வாயில் ஓயாமல் கிடந்த வார்த்தை அல்லவா. பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து, ஆடு வரல, அவன் சொன்னான், நான் கேக்கல என்று சொல்லி முடித்தேன். கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அவள் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு பக்ரீதா ஆட்டக் கண்டாலே எனக்கு வயிறு எரிஞ்சுது அண்ணாச்சி, அது ஒரு பாவமும் அறியாதது" என்றாள். அம்மா வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

மன்னித்துவிட்டாள் என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. நேற்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், மூத்த மகன் உமர் பாரூக் அடுத்த மாதம் சவூதியிலிருந்து வருகிறானாம், வந்ததும் என்னிடம் நேரில் கேட்க வேண்டுமாம். அவனிடம் துண்டு துண்டாகச் சொல்லக்கூடாது, முழுசாகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மாத்திரையை அம்மா கண்முன்னால் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறேன், காலையில் ஒரு மணி நேரம் உரக்கப் பேசிப் பழகுகிறேன். அம்மாவுக்கு என் மேல் வருத்தம் தீரவில்லை, சோறு மட்டும் போடுகிறாள், பேச்சு குறைவு. உன்னை வேலையை விட்டு வரச் சொல்லமாட்டேன், அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ நெல்லையப்பரும் காந்திமதி அம்மனும் துணை இருக்கட்டும். ஸ்கூட்டி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நீ வேலை பார்க்கும் பாங்கு எங்கேயும் ஓடிவிடாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒன்று சொன்னால் காதில் வாங்கிக்கொள். பைய போ அம்மா.

சுயபுத்தியுடன், பிறர் தூண்டுதல் இல்லாமல், தன் கைப்பட எழுதியது,
உன் அப்பா
சிவசண்முகம்