பஸ்தர் காட்டில் உங்கள் கல்

அன்புள்ள அத்திம்பேருக்கு,

மயிலாப்பூரில் உங்களைச் சாஸ்திரப்படி எரித்துவிட்டோம். நீங்கள்தான் அங்கே இல்லை.

கோடை விடுமுறையில் பஸ்தர் மலைநாட்டுப் பழைய கோயில்களைப் பார்க்கப் போன சரித்திர வாத்தியார் காய்ச்சலில் போய்விட்டார் என்று அங்கே கடை வைத்திருக்கும் தெலுங்கு வியாபாரி கார்டு போட்டார். உடல் என்ன ஆயிற்று என்று அவர் எழுதவில்லை. போய்க் கேட்க இங்கே யாருக்கும் துணிவில்லை. காட்டுக் காய்ச்சல் கோத்திரம் கேட்டுப் பிடிப்பதில்லையே!

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்க விதி இருக்கிறது. உங்கள் அண்ணா எரித்தார். பத்தாம் நாள், அந்தப் புல்லுக்காக என் அக்காவின் தலையை மழித்தார்கள்.

"எங்கே இருக்கார்னு மட்டும் பார்த்துண்டு வாடா" என்றாள் அக்கா. போனேன்.

விசாகப்பட்டினத்துக்கு அப்பால் விஜயநகரம் வரை ரயில். பிறகு மலைமேல் மோட்டார் லாரி, மாட்டுவண்டி, கடைசியில் நடை. ராஜாக்கள் ஆண்ட ஊரில் இப்போது கோயிலுக்குள் ஆலமரம் குடியிருக்கிறது. சுற்றிலும் காடு, காட்டுக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னாலும் மலை. நீங்கள் ஏன் போனீர்கள் என்று புரிந்தது. எங்களிடம் ஏன் சொல்லிப் புரியவைக்கவில்லை? நாங்கள் கேட்டோமா?

அந்த ஊர் ஜனங்கள் உங்களைப் புதைத்து, ஆளுயரக் கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். திருவிழா நாளில் அதற்கு இலுப்பைப் பூச் சாராயம் தெளிக்கிறார்களாம். ஹோட்டல் காப்பியைக்கூடத் தொடாதவர் நீங்கள்.

திரும்பி வந்து உங்கள் அண்ணாவிடம் சொன்னேன்.

"புதைச்சிருக்காளா? வெளியில மூச்சு விடாதேடா! சாஸ்திரிகள் காதுல விழுந்தா எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணுன்னுடுவார். தையில என் பொண்ணு கல்யாணம் இருக்கு."

"அக்கா ஒரு தடவை போய்ப் பார்க்கணும்கிறா."

"நன்னா இருக்கு! வருஷம் ஆற வரைக்கும் அவ வாசப்படி தாண்டப்படாது. அதுக்கப்புறம் மட்டும் அங்க என்ன இருக்கு? கல்லுதானே?"

எரித்தது புல்தானே என்று கேட்க நினைத்தேன். பெரியவர் அதற்குள் சந்தியாவந்தனத்துக்கு எழுந்துவிட்டார்.

அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "பக்கத்துல மரம் இருக்கோடா? அவருக்கு வெயில் ஆகாது" என்றாள். இருக்கிறது என்றேன். நிஜமாகவே இருக்கிறது, அத்திம்பேர். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "வாசப்படி தாண்டப்படாதுன்னுதானே சொன்னார்? புழக்கடைக் கதவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

மழை நின்று காய்ச்சல் அடங்கியதும் அந்தப் புழக்கடைச் சந்தில் ஜட்கா வண்டியோடு நிற்பேன். அக்காவை உங்களிடம் அழைத்து வருகிறேன். இது சத்தியம். உங்கள் அண்ணா பஞ்சாங்கம் தவிர எதையும் படிப்பதில்லை, ஆகையால் இந்தக் கடிதத்தைத் தைரியமாகப் பத்திரிகையில் போடுகிறேன். படித்தாலும் சரி. எங்களைத் திருப்பி அழைத்துப்போக அவர் பஸ்தர் வரை வரவேண்டியிருக்கும்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் ஒரே மச்சினன்